கிழிசலும் காத்திருப்பும்

விளையாட்டில் ஒரு நீண்ட மண்டபம். நடுவில் நின்றுகொண்டு மவுஸைச் சட்டென்று வலப்பக்கம் இழுக்கிறோம். தூண்களெல்லாம் இடப்பக்கம் ஓடுகின்றன. ஓடும்போது ஏதாவது ஒரு தூணை மட்டும் உற்றுப் பாருங்கள். உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஓரிடத்தில் இருக்கும்; அதற்குக் கீழே உள்ள பகுதி ஒரு விரல்கடை தள்ளி நிற்கும். யாரோ தூணைக் குறுக்கே அறுத்து, அடிப்பாகத்தை மட்டும் நகர்த்தி வைத்தது போல. கண் அதைப் பிடிப்பதற்குள் வெட்டு மறைந்து வேறொரு உயரத்தில் தோன்றும். இதை டியரிங் என்பார்கள். கிழிசல் என்ற நம் சொல் அச்சாகப் பொருந்துகிறது. கிழிசலை ஒழிக்க, ஏறத்தாழ எல்லாக் கணினி விளையாட்டுகளின் செட்டிங்ஸிலும் வீ-சிங்க் என்றொரு தேர்வு உண்டு. அதைப் போட்டதும் தூண் முழுசாகிவிடும். கூடவே வேறொன்றும் நடக்கும்: மவுஸ் கனத்துவிட்டது போலிருக்கும், கை திரும்பிச் சற்றுப் பொறுத்தே காட்சி திரும்பும். படம் முக்கியம் என்பவர்கள் போடு என்கிறார்கள், வேகம் முக்கியம் என்பவர்கள் அணை என்கிறார்கள். ஒன்றைப் பெற மற்றதை இழந்தே ஆகவேண்டும் என்பதை மட்டும் இரு கட்சியும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அந்த ஏற்பில்தான் பிழை இருக்கிறது. வீ-சிங்க் மீது சுமத்தப்படும் தாமதத்தில் பெரும்பகுதி, திரைக்காகக் காத்திருப்பதால் வருவதில்லை. திரைக்கு முன்னால் சேரும் வரிசையால் வருகிறது. வரிசையை ஒழிக்க முடிந்த கணினியில் வீ-சிங்க்கைப் போட்டே வைக்கலாம்.

கிழிசல் ஏன் வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். திரையில் ஒரு படம் ஒரே கணத்தில் தோன்றுவதில்லை. பழைய பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி, அடுத்து அதற்குக் கீழே ஒரு வரி என்று மேலிருந்து கீழாகக் கோலம் போட்டுக்கொண்டே வந்தது. கடைசி வரியை முடித்ததும் கற்றை அணைந்து மறுபடி உச்சிக்குப் போகும். அந்தச் சிறு இடைவெளிக்குச் செங்குத்து ஓய்வு நேரம் என்று பெயர் வைக்கலாம். வீ-சிங்க்கில் உள்ள 'வீ' இந்தச் செங்குத்தைத்தான் குறிக்கிறது. எல்சிடி திரையில் கற்றை கிடையாது. ஆனாலும் கேபிள் வழியாகப் படம் வரி வரியாகவே வருகிறது, பேனலும் மேலிருந்து கீழாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் மானிட்டரில் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிவிநாடி. இந்த 60 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 சுழற்சி. அங்கே தொலைக்காட்சியை அந்தத் தாளத்துக்கு இசைய வடிவமைத்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்தியாவிலும் இலங்கையிலும் தொலைக்காட்சி 50-இல் ஓடியது. கணினி மானிட்டர் மட்டும் உலகெங்கும் 60-ஐப் பிடித்துக்கொண்டது. மானிட்டரின் தாளம் இப்படி நிலையானது. கிராபிக்ஸ் கார்டின் தாளமோ காட்சிக்குக் காட்சி மாறும்: வெற்றுச் சுவரை 4 மில்லிவிநாடியில் வரைந்துவிடும், புகையும் நெருப்பும் வந்தால் 25 ஆகும். ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, வரைந்து முடித்த உடனே அதைத் திரைக்குத் தள்ளிவிட்டால், திரை அப்போது பாதி வழியில் இருக்கும். மேல்பாதி பழைய ஃப்ரேம், கீழ்பாதி புது ஃப்ரேம். தூண் உடைந்த கதை இதுதான். புதிய ஃப்ரேமை மாற்றுவதானால் அந்த ஓய்வு நேரத்தில் மட்டும் மாற்று என்று கட்டளையிடுவது வீ-சிங்க்.

இந்தக் கட்டளையோடு தாமதமும் கட்டாயம் வந்தே தீருமா? வராது என்பதற்கு முதல் சாட்சி 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600. அந்த விளையாட்டுப் பெட்டியின் நினைவகம் மொத்தமே 128 பைட். ஒரு முழுப் படத்தைச் சேமிக்க அதில் இடமே கிடையாது. ஆகவே நிரலாளர் கற்றையோடு கூடவே ஓடினார். ஒரு வரிக்கு அவருக்குக் கிடைத்தது பிராசசரின் 76 துடிப்புகள். அதற்குள் அந்த வரியில் என்ன நிறம், எங்கே பந்து, எங்கே ஆள் என்று சொல்லி முடிக்க வேண்டும். 262 வரிகளுக்கு ஒருமுறை 'இப்போது உச்சிக்குப் போ' என்ற சமிக்ஞையையும் அவருடைய நிரலே மூன்று வரி நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் இடத்தின் பெயரே வீ-சிங்க். படம் தெரியாத அந்த ஓய்வு வரிகளில்தான் பெரும்பாலான நிரல்கள் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்து, ஆட்டத்தின் கணக்கைப் போட்டு முடித்தன. விடை உடனடியாக அடுத்த படத்திலேயே தெரிந்தது. திரையோடு இம்மியும் பிசகாமல் ஒத்திசைந்த இயந்திரம், ஆனால் கைக்கும் கண்ணுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. படங்களைச் சேர்த்து வைக்க இடமில்லாத ஏழ்மையே அதைக் காப்பாற்றியது.

நினைவகம் மலிவானதும் நிலைமை தலைகீழானது. இன்றைய கணினி ஒரு படத்தைத் திரைக்குக் காட்டிக்கொண்டே இன்னொன்றை மறைவில் வரைகிறது. இப்படி ஒரு படம் தங்கும் நினைவக இடத்துக்குப் பஃபர் என்று பெயர். இரண்டே இரண்டு பஃபர் வைத்து வீ-சிங்க் போட்டால் ஒரு சங்கடம் வரும். ஃப்ரேமுக்கு 17.2 மில்லிவிநாடி எடுக்கும் கணினியால், அதாவது விநாடிக்கு 58 வரையக்கூடியதால், 16.7-இல் புறப்படும் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அரை மில்லிவிநாடியில் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும். 58 கிடைக்க வேண்டிய இடத்தில் 30 கிடைக்கும். அதற்கும் கீழே சறுக்கினால் 20, பிறகு 15. வீ-சிங்க்குக்குக் கெட்ட பெயர் வந்ததில் இந்தப் படிக்கட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றாவது பஃபர் ஒன்றைச் சேர்த்தால் படிக்கட்டு மறையும். ஆனால் வரிசை நீளும். அதோடு, பிராசசர் சும்மா இருக்கக் கூடாதென்று, கிராபிக்ஸ் கார்டுக்கு முன்பாகவே சில ஃப்ரேம்களுக்கான வேலையைத் தயார் செய்து அடுக்கிவைக்கும் வழக்கமும் வந்தது. விண்டோஸின் டைரக்ட்3டி-யில் இப்படி அடுக்கக்கூடிய எண்ணிக்கை இயல்பாகவே மூன்று.

ஓட்டலில் நடக்கும் ஒரு காரியத்தோடு இதை ஒப்பிடலாம். தோசை மாஸ்டர் படு வேகம். சப்ளையர் ஒருவர்தான், அவர் ஒரே சீரான நடையில் வந்து போகிறார். மாஸ்டர் கை ஓயாமல் ஊற்றுவதால் மேடையில் எப்போதும் மூன்று தோசை அடுக்கியிருக்கும். சப்ளையர் வரும்போதெல்லாம் முதலில் வைத்ததை எடுத்துப் போகிறார். இலைக்கு வரும் ஒவ்வொரு தோசையும் ஆறிப்போனது. மாஸ்டர் இன்னும் வேகமாக ஊற்றினால் சூடு கூடுமா? மேடை நிரம்பியே இருக்கும், அவ்வளவுதான். விளையாட்டில் ஆறிப்போவது உங்கள் கை அசைவு. மவுஸை எங்கே நகர்த்தினீர்கள் என்பதை, பிராசசர் அந்த ஃப்ரேமைத் தொடங்கும்போதே படித்துவிடுகிறது. அந்த ஃப்ரேம் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மூன்று ஃப்ரேம் வரிசை என்றால் 50 மில்லிவிநாடி பழைய செய்தி. வீ-சிங்க் போட்டிருக்கையில் கணினி எவ்வளவு வல்லமையாக இருக்கிறதோ அவ்வளவு நிச்சயமாக வரிசை நிரம்பும் என்பதுதான் இதில் கொடுமை. விலை உயர்ந்த கார்டு வாங்கியவருக்குத்தான் மவுஸ் கனக்கிறது.

கிழிசலையும் தாமதத்தையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எது பெரிய தொல்லை என்பது தெளிவாகும். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில், காட்சி ஒரு விநாடியில் முழு அகலத்தையும் கடக்கும் வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால், அடுத்தடுத்த இரு ஃப்ரேம்களுக்கிடையே தூண் 32 பிக்சல் நகரும். கிழிசலின் அகலம் அந்த 32. மூன்று ஃப்ரேம் வரிசையின் 50 மில்லிவிநாடியில் காட்சி கையைவிட 96 பிக்சல் பின்தங்கியிருக்கும். வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது, பின்னடைவு கைக்குத் தெரிகிறது; பிக்சல் கணக்கில் பின்னடைவு மூன்று மடங்கு. இதே கணக்கை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில், விநாடிக்கு 240 ஃப்ரேமில் போடுங்கள். கிழிசல் 8 பிக்சலாகச் சுருங்கும், அதுவும் நாலே மில்லிவிநாடி கண்ணில் பட்டு மறையும். வரிசையின் தண்டனையும் 24 பிக்சலுக்கு இறங்கும். திரையின் வேகம் கூடக் கூட இந்தச் சண்டையின் இரு பக்கமும் சிறுத்துக்கொண்டே போகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் 60 ஹெர்ட்ஸ் திரைக்குச் சொன்ன அறிவுரையை 240-க்கும் அப்படியே ஒப்பிப்பது இதனால்தான் பொருந்துவதில்லை.

வரிசைதான் குற்றவாளி என்பதற்கு இரண்டாவது சாட்சி விர்ச்சுவல் ரியாலிட்டி. கண்ணோடு கட்டிய திரையில் கிழிசலையும் சகிக்க முடியாது, தாமதத்தையும் சகிக்க முடியாது. இரண்டும் தலை சுற்றலிலும் குமட்டலிலும் கொண்டுபோய் விடும். டூம், குவேக் விளையாட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், தலை திரும்பியதிலிருந்து காட்சி மாறும் வரையிலான நேரத்தை 20 மில்லிவிநாடி அளவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று 2013-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் அவர் விளக்கிய வழிகளில் ஒன்று டைம்வார்ப். ஃப்ரேமை வரைந்து முடித்த பிறகு, திரைக்குப் போகும் கடைசித் தறுவாயில் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மறுபடி பார்த்து, படத்தை அந்த அளவுக்கு நகர்த்திக் கொடுப்பது. 2016-இல் கடைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் 90 ஹெர்ட்ஸில் திரையோடு ஒத்திசைந்தே ஓடியது. டைம்வார்ப்பும் அதில் இருந்தது. வீ-சிங்க் இருந்தது, கிழிசல் இல்லை, தாமதமும் அடங்கியது. சாதாரண மானிட்டருக்கும் இதே பாதைதான் வந்தது. கிராபிக்ஸ் கார்டு நிறுவனங்களில் ஏஎம்டி 2019-இல் கொடுத்த ஆன்ட்டி-லேக், என்விடியா 2020-இல் கொடுத்த ரிஃப்ளெக்ஸ் இரண்டும் செய்யும் முக்கிய வேலை, பிராசசர் முன்கூட்டி ஓடி ஃப்ரேம்களை அடுக்காமல் பிடித்து நிறுத்துவதே. மாஸ்டரிடம் 'மேடை காலியாகப் போகும்போது ஊற்று' என்று சொல்வதுதான்.

இந்தத் தாமதமெல்லாம் மனிதனுக்குத் தெரியவே தெரியாது என்று ஒரு மறுப்பு உண்டு. ஒளியைக் கண்டு விரல் அசைய ஏறத்தாழ 200 மில்லிவிநாடி ஆகிறது, அதில் 50 எம்மாத்திரம் என்பார்கள். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, இயந்திரத்தின் தாமதம் மனிதத் தாமதத்துக்குள் ஒளிந்துகொள்வதில்லை. அதன் மேல் கூடுகிறது. இருவருக்கும் 200 என்றால், 50 கூடுதலாகச் சுமப்பவர் ஒவ்வொரு முறையும் பிந்துகிறார். இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. குறி வைப்பதில் பெரும்பகுதி திடுக்கிட்டுச் சுடுவது இல்லை. கை நகர்கிறது, கண் பார்க்கிறது, கை திருத்துகிறது, மறுபடி கண் பார்க்கிறது. இது ஓயாமல் நடக்கும் சுழற்சி. ஹேண்டிலைத் திருப்பிச் சற்றுப் பொறுத்தே திரும்பும் சைக்கிளை ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? போதவில்லை என்று இன்னும் திருப்புவோம், பிறகு அளவுக்கு மீறித் திரும்பிவிட்டதென்று எதிர்ப்பக்கம் ஒடிப்போம். இலக்கைத் தாண்டிப் போய்ப் போய்த் திரும்பும் குறி அந்த வகை.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இன்னும் பிரபலம்: 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 படம்தான் காட்டும், பிறகு 300 ஃப்ரேம் ஓட்டி என்ன பயன்? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வீ-சிங்க் அணைந்திருக்கும்போது, திரை ஒருமுறை மேலிருந்து கீழே வருவதற்குள் ஐந்து ஃப்ரேம்கள் மாறிவிடும். நீங்கள் பார்ப்பது ஐந்து படங்களின் ஐந்து கீற்றுகள். அடிக்கீற்று உச்சிக்கீற்றைவிடப் புதியது, ஒவ்வொன்றும் பிறந்த சூட்டோடு கண்ணுக்கு வருகிறது. கிழிசல் என்பதே புதிய செய்தி நடுவழியில் வந்து சேர்ந்ததன் தழும்பு. சுடும் போட்டி விளையாட்டான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவர்கள் அழகைத் தியாகம் செய்து அதை விரும்புவதில் பௌதிகம் அவர்கள் பக்கம் நிற்கிறது. லினக்ஸின் வேலண்ட் திரை அமைப்பு, எந்த ஃப்ரேமும் கிழியாமல் முழுசாகவே தெரிய வேண்டும் என்ற கொள்கையில் பிறந்தது. அங்கேகூட, விளையாட்டுகள் வேண்டுமென்றே கிழிசலைக் கேட்டு வாங்குவதற்கான ஒரு நெறிமுறையை 2022-இல் சேர்த்தார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் போட்டி விளையாட்டு ஆடுபவர் வீ-சிங்க்கை அணைப்பது சரியான முடிவு. அதை எடுத்து எல்லா விளையாட்டுக்கும் எல்லாத் திரைக்கும் சட்டமாக்குவதை மட்டும் ஏற்க முடியாது.

ஏனென்றால் 2013-க்குப் பிறகு திரையே மாறிவிட்டது. அந்த அக்டோபரில் மான்ட்ரியல் நகரில் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டு திரைக்காகக் காத்திருப்பதற்குப் பதில் திரை கார்டுக்காகக் காத்திருக்கட்டும் என்ற யோசனை. ஃப்ரேம் தயாரானதும் திரை தன் சுற்றைத் தொடங்கும். 2014 ஜனவரியில் ஏஎம்டி ஃப்ரீசிங்க்கைக் காட்டியது, அதே ஆண்டு மே மாதம் டிஸ்ப்ளேபோர்ட் தரத்திலேயே இது விருப்ப அம்சமாகச் சேர்ந்தது. 2019-இல் என்விடியாவும் தன் கார்டுகளைப் பொதுவான அந்தத் தரத்துக்குத் திறந்துவிட்டது. இன்று விளையாட்டுக்கென்று விற்கும் மானிட்டர்களில் இது பரவலாக இருக்கிறது. அப்படியானால் வீ-சிங்க்கைக் கழற்றி எறிந்துவிடலாமே என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஃப்ரேம்கள் சராசரியாக 130-இல் ஓடினாலும் ஒவ்வொன்றும் எடுக்கும் நேரம் துள்ளிக்கொண்டே இருக்கும். சில ஃப்ரேம்கள் 144 ஹெர்ட்ஸின் 6.9 மில்லிவிநாடியைவிடச் சீக்கிரம் வந்து நிற்கும், திரை இன்னும் முந்தைய சுற்றை முடித்திருக்காது. வீ-சிங்க் இல்லையென்றால் திரையின் அடிப்பாகத்தில் கிழிசல் எட்டிப்பார்க்கும். வீ-சிங்க் இருந்தால் அந்த ஒரு ஃப்ரேம் மட்டும் கால் மில்லிவிநாடியோ அரை மில்லிவிநாடியோ பொறுத்துப் போகும். மற்ற நேரமெல்லாம் அதற்கு வேலையே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஃப்ரேம் வேகம் மேல் எல்லையில் போய் முட்டக் கூடாது. முட்டினால் பழைய வரிசை மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆகவே 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 141 அல்லது அதற்குச் சற்றுக் கீழே ஒரு உச்சவரம்பு போட வேண்டும். ஜி-சிங்க், வீ-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்திருந்தால் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் தானாகவே 138-இல் நிறுத்திக்கொள்கிறது. இந்தச் சேர்க்கையில் கிழிசலும் கிடையாது, வரிசையும் கிடையாது.

உச்சவரம்பின் அருமை தாமதத்தோடு முடியவில்லை. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டு வந்தபோது, வேலையே இல்லாத மெனு திரைகளைக் கார்டுகள் கட்டுப்பாடின்றி வரைந்து தள்ளிச் சூடேறின. ஃப்ரேம் வேகத்துக்கு வரம்பு போடும் இரண்டு வரிகளை அமைப்புக் கோப்பில் சேர்க்கும்படி அதை உருவாக்கிய பிலிசார்டே சொன்னது. 2021-இல் அமேசானின் நியூ வேர்ல்ட் விளையாட்டுச் சோதனை ஓட்டத்தில் சில உயர்விலைக் கார்டுகள் செத்தே போயின. அந்தக் கார்டுகளில் பற்றவைப்புக் குறை இருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனாலும் அமேசான் மெனுவுக்கு ஃப்ரேம் வரம்பு போட்டது. யாருமே பார்க்காத ஃப்ரேமை வரைவதற்கு மின்சாரமும் விசிறிச் சத்தமும் செலவாகத்தான் செய்யும். இன்னும் சில விளையாட்டுகளில் ஆட்டத்தின் கணக்கே ஃப்ரேமோடு கட்டப்பட்டிருக்கிறது. 2011-இன் ஸ்கைரிம்மில் வீ-சிங்க்கை அணைத்து 60-ஐத் தாண்டவிட்டால் மேசையில் இருந்த பாத்திரங்கள் தானாகத் துள்ளிப் பறந்தன. சண்டை விளையாட்டுகள் ஒரு குத்தின் நேரத்தையே 60-இல் ஒரு பங்காக எண்ணுகின்றன. இவற்றில் கைவைக்காமல் விடுவதே நல்லது.

இனி அவரவர் மேசைக்கு வரலாம். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போல வேகம் மாறும் திரை இருந்தால், டிரைவரில் வீ-சிங்க்கைப் போட்டு, விளையாட்டுக்குள் அதை அணைத்து, எல்லைக்கு மூன்று நான்கு ஃப்ரேம் கீழே வரம்பு வையுங்கள்; போட்டி ஆட்டத்துக்கும் இதுவே போதும். நிலையான 60 ஹெர்ட்ஸ் திரைதான் என்றால், கதையும் காட்சியும் உள்ள ஆட்டங்களுக்கு வீ-சிங்க் போட்டு, திரையின் உண்மையான வேகத்தைவிட நூற்றில் ஒரு பங்கு ஹெர்ட்ஸ் குறைவாக வரம்பு வைக்கலாம். வரிசை நிரம்பாது, அதற்கான விலை, நூறு விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை தெரிவது மட்டும். சுடும் போட்டிகளுக்கு அதே திரையில் அணைத்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். கணினி 60-ஐ எட்டவே திணறினால் முதலில் நிழலையும் பிரதிபலிப்பையும் குறையுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் புதிதாக மாட்டும்போது அது 60-லேயே ஓடிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். அந்த எண்ணை மாற்றிவிட்டுப் பிறகு வீ-சிங்க் பக்கம் வாருங்கள்.